மெனுயிஸியே

பாரீசுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், "ஈஃபெல் கோபுரம் ஏறினீர்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏறவில்லை. என் முழங்கால் ஒரு காரணம், அங்கே நின்ற வரிசையின் நீளம் இன்னொரு காரணம். ஆனால் அதிகம் பேர் போகாத ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே சுவரில் இருந்த ஒரே ஒரு சொல் என்னை அறுபது வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகள் பாரீசின் புறநகர் ஒன்றில் குடியிருக்கிறாள். மருமகன் வீட்டார் 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள். அந்த வருடம் ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விருப்பம் தெரிவிக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. "இங்கே மரம் இருக்கு, உளி இருக்கு. அங்கே போய் என்ன பண்றது?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை. மகளுக்கும் மருமகனுக்கும் வேலை. "தாத்தாவை எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போடா" என்று பேரனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பேரனுக்குப் பதின்மூன்று வயது. தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது பாதி பிரெஞ்சு கலந்துவிடும். எனக்கும் பள்ளிப் படிப்பு முழுக்கப் பிரெஞ்சில்தான் என்பதால் எங்கள் இருவருக்கும் சிக்கலில்லை. அவன் கைப்பேசியைத் தடவிப் பார்த்து, "தாத்தா, பக்கத்திலேயே ஒரு சிற்பியோட மியூசே இருக்கு. டிக்கெட் கிடையாது, படியும் அதிகம் இல்லை" என்றான். என் முழங்காலை நினைத்துப் பார்த்திருக்கிறான். நல்ல பிள்ளை.

மோன்பர்நாஸ் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். தெருவின் பெயர் ஆந்துவான் பூர்தெல் தெரு. சிற்பியின் பெயரும் அதுவே. அவர் குடிவந்த காலத்தில் அது முட்டுச்சந்து, 'மேன் முட்டுச்சந்து' என்று பெயர். 1885-இல், இருபத்து நான்கு வயது இளைஞனாக வந்து இங்கே பட்டறை போட்டார். 1929-இல் சாகும்வரை அதுதான் அவருடைய பட்டறை. பக்கத்திலேயே ஃபல்கியேர் என்று இன்னொரு தெரு. அது அவருடைய ஆசிரியரின் பெயர். குருவும் சீடனும் தெருக்களாக அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பேரனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

நுழைந்தவுடன் தோட்டம். செங்கல் வளைவுகள், கொஞ்சம் செடிகொடிகள், நடுவில் பச்சைக் களிம்பேறிய பெரிய பெரிய வெண்கல உருவங்கள். லூவ்ரைப் போல ஆளை மிரட்டும் இடமில்லை. ஒரு பெரிய வீட்டின் பின்கட்டுக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. வாசலில் நின்ற காவலர் அம்மா எனக்கு 'போன்ஜூர்' சொன்னார். நான் பதில் சொன்ன விதத்தைக் கேட்டு, "மிஸியே, நீங்கள் பேசுவது என் பாட்டியின் பிரெஞ்சு" என்றார். ஐம்பதுகளில் படித்த பிரெஞ்சு அப்படியே உறைந்து கிடக்கிறது போலும்.

பூர்தெலின் பெயர் நம் பக்கம் அதிகம் தெரியாது. ரோதேன் (ஆங்கிலத்தில் ரோடின் என்பார்கள்) எல்லோருக்கும் தெரியும். மோவாயில் கையை வைத்து யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதனைச் செய்தவர். அந்த ரோதேனிடம் பூர்தெல் 1893 முதல் 1908 வரை பதினைந்து வருடம் வேலை பார்த்தார். என்ன வேலை என்பதுதான் சுவாரசியம். பிரெஞ்சில் 'பிரத்திசியேன்' என்பார்கள். சிற்பி களிமண்ணில் உருவத்தைச் செய்வார். அதிலிருந்து சாந்து வார்ப்பு எடுப்பார்கள். அந்த வார்ப்பைப் பார்த்துச் சலவைக்கல்லில் வெட்டுவது பிரத்திசியேனின் வேலை. வார்ப்பில் சில புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, ஊசி பொருத்திய ஒரு சட்டத்தால் ஒவ்வொரு இடத்தின் ஆழத்தையும் அளந்து, அதே ஆழத்துக்குக் கல்லில் துளையிட்டு, துளை முடியும் இடம்வரை கல்லைக் கழித்துக்கொண்டே வருவார்கள். ரோதேனின் சலவைக்கல் சிற்பங்கள் பெரும்பாலும் இப்படி மற்றவர் கைகளால் வெட்டப்பட்டவை. கீழே இருக்கும் பெயர் மட்டும் ரோதேனுடையது.

இதைப் பேரனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்: "அப்போ செஞ்சவர் பேர் எங்கே, தாத்தா?"

நான் புதுச்சேரி அரசாங்கத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து முப்பத்தெட்டு வருடம் எழுதியவன். பிரெஞ்சு தெரிந்த குமாஸ்தா என்பதால் பழைய பிரெஞ்சுப் பத்திரம் எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும். படித்து, மொழிபெயர்த்து, குறிப்பு எழுதி மேலே அனுப்புவேன். கையெழுத்து அதிகாரியுடையது. அது குறையாக ஒருநாளும் தோன்றியதில்லை, உத்தியோகம் அப்படித்தான். ஆகவே, "வேலை செய்யறவன் பேரு எப்பவும் கோப்புக்குள்ளேதான் இருக்கும்டா" என்றேன். அவனுக்குப் புரிந்ததோ என்னவோ.

பூர்தெல் கோப்புக்குள்ளேயே இருந்துவிடவில்லை. 1909-இல் 'வில்லாளி ஹெராக்ளீஸ்' செய்தார். அந்தச் சிற்பத்தை நேரில் பார்க்கவேண்டும். ஒரு காலைப் பாறையில் உந்தி, மறு காலை முட்டி போட்டு, வில்லை முழுக்க வளைத்து நிற்கிறான் அந்த மனிதன். வில்லில் நாணே கிடையாது, அம்பும் கிடையாது. ஆனாலும் இழுவிசை அவன் முதுகுவரை தெரிகிறது. அதற்கு மாதிரியாக நின்றவர் ஒரு குதிரைப்படை அதிகாரி, பின்னால் முதல் உலகப்போரில் வெர்தன் களத்தில் இறந்துபோனார். இந்தச் சிற்பத்துக்குப் பிறகுதான் பூர்தெல் என்ற பெயர் தனியாக நின்றது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

பெரிய கூடம் ஒன்று இருக்கிறது. வெள்ளைச் சாந்து வார்ப்புகளை நிறுத்தியிருக்கிறார்கள். புவெனஸ் அய்ரஸ் நகரத்தில் நிற்கும் தளபதி அல்வெயாரின் குதிரை கூரையைத் தொடுவதுபோல் நிற்கிறது. பேரன் அதன் வயிற்றுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டான். பீத்தோவன் தலைகள் இருக்கின்றன. இந்த ஒரு முகத்தைப் பூர்தெல் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். ஒன்றில் கண் மூடியிருக்கிறது, ஒன்றில் தலைமுடி புயலடித்ததுபோல் இருக்கிறது. பெனலோப் என்று ஒரு பெண், கடலோடிப் போன கணவனுக்காக இடுப்பைச் சாய்த்து, கன்னத்தில் கைவைத்துக் காத்து நிற்கிறாள். இந்த இடத்தை அருங்காட்சியகமாக்கியதும் காத்திருந்த பெண்கள்தான். பூர்தெல் இறந்தபின் அவர் மனைவி கிளெயோபாத்ரும் மகள் ரோதியாவும் பட்டறையைக் கலைக்காமல் இருபது வருடம் காப்பாற்றி, பாரீஸ் நகரத்துக்குக் கொடையாகக் கொடுத்தார்கள். 1949-இல் திறந்தார்கள்.

நான் பிறந்த வருடமும் அதுதான். அதனால் மனதில் நின்றுவிட்டது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

சிற்பியின் வாழ்க்கைக் குறிப்பை ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். 1861-இல் தென்பிரான்சில் மோந்தோபான் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'மெனுயிஸியே-எபெனிஸ்த்' என்று இருந்தது. வீட்டு மரவேலையும் மேசை நாற்காலி வேலையும் செய்கிறவர். நம்ம பாஷையில் தச்சு ஆசாரி. பையன் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுவிட்டு அப்பாவின் பட்டறையில் மரம் செதுக்க உட்கார்ந்தான். அவன் கைவேலையைக் கண்டவர்கள் உதவி செய்ய, பதினைந்தாவது வயதில் உதவித்தொகையோடு துலூஸ் கலைப்பள்ளிக்குப் போனான்.

'மெனுயிஸியே' என்ற சொல்லை நான் இரண்டு முறை படித்தேன். பிறகு பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

1960-இல் நான் பிரெஞ்சுப் பள்ளியில் 'சிசியேம்' வகுப்புக்குப் போனபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி. நான்காவது வரி: 'ப்ரொஃபெசியோன் துய் பேர்', தகப்பனார் தொழில். என் வகுப்பில் நோத்தேர் மகன் இருந்தான், டாக்டர் மகன் இருந்தான், இந்தோசீனாவிலிருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்த சொல்தாக்கள் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். என் அப்பா முத்தியால்பேட்டையில் ஓலைக்கொட்டகையில் பட்டறை வைத்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, மேலெல்லாம் மரத்தூளோடு இருப்பார். 'மெனுயிஸியே' என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும், எழுத்துக்கூட்டவும் தெரியும். ஆனால் அதை எழுதவில்லை. 'கொமெர்சான்', அதாவது வியாபாரி என்று எழுதினேன்.

படிவத்தில் தகப்பனார் கையெழுத்து வேண்டும். பட்டறைக்குக் கொண்டுபோனேன். அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, காகிதத்தில் தூள் படாமல் ஊதிவிட்டு, தமிழில் மெதுவாக ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். போட்டபிறகுதான் கேட்டார்.

"என்னப்பா எழுதியிருக்கு இதுல?"

"உங்க பேரு, நம்ம வீடு, எல்லாம் எழுதியிருக்குப்பா."

"என் தொழிலும் எழுதணுமா?"

"எழுதியாச்சு."

தலையாட்டினார். பிரெஞ்சில் தன் தொழிலுக்கு என்ன பெயர் என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. மகன் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியவர் அவர். என் புத்தகத்தை அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போதும் முகத்தில் பெருமைதான் இருக்கும். 1979-இல் இறந்தார். கடைசிவரை இது அவருக்குத் தெரியாது.

பட்டறையையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. அவர் போன மறுவருடம் லாஸ்பேட்டையில் அரசாங்கக் குடியிருப்பு கிடைத்தது. அங்கே இடமில்லை என்று சொல்லிக்கொண்டேன். உளிகள், இழைப்புளி, வாள், மூலைமட்டம், கவராயம் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரர் எடைபோட்டு எடுத்துக்கொண்டு போனார். கொட்டாப்புளியை மட்டும் அவர் எடுக்கவில்லை. மரத்துக்கு எடை இல்லை என்றார். அதுவும் பின்னால் ஒரு மழைக்காலத்தில் அடுப்பெரிக்கப் போயிற்று.

இங்கே பாரீசில், சிற்பம் செய்யும் முறையை விளக்கும் இடத்தில் உளிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்த்தபோது எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. மழுங்கிய உளி எது, தீட்டிய உளி எது என்று பார்த்த கண்ணுக்கே தெரிந்தது. சின்ன வயதில் தீட்டுக்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிய பிள்ளை நான்.

பூர்தெலின் பட்டறை அப்படியே இருக்கிறது. உயரமான கூரை, வடக்குப் பக்கம் பெரிய கண்ணாடிச் சன்னல், மரத்தரை. வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், நிழல் ஓடாது, அதனால் சிற்பிகள் அதைத் தேடுவார்கள். என் அப்பாவும் கொட்டகையின் வடக்குப் பக்கத்துக் கீற்றைத்தான் தூக்கிக் கட்டியிருப்பார். வெயில் படாமல் இருக்க என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பேரன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தாத்தா, உங்க அப்பா என்ன வேலை செஞ்சாங்க?"

அவன் அந்தப் பலகையைப் படித்துவிட்டுத்தான் கேட்டானா, சும்மா கேட்டானா தெரியாது. அறுபது வருடத்துக்குப் பிறகு அதே நான்காவது வரி.

"மெனுயிஸியே" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்தது. "நல்ல ஆசாரி. கதவு செதுக்குவார்."

"நிஜமாவா? ஏன் இதுவரைக்கும் சொல்லலை?"

என்ன பதில் சொல்வது? படிவத்தின் கதையைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். மகளுக்குக்கூடச் சொல்லாதது. அவன் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். பிறகு, "அவர் செஞ்ச கதவு ஏதாவது இருக்கா?" என்றான். நான் செய்தது சரியா தவறா என்று அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குக் கதவு இருக்கிறதா என்பதுதான் முக்கியமாக இருந்தது.

ஒன்று இருந்தது. இருக்கிறதா என்று தெரியாது. ஊருக்குத் திரும்பியதும் பார்த்துப் படம் அனுப்புகிறேன் என்று சொன்னேன்.

ஜூலையில் திரும்பி வந்தேன். தமிழர் பகுதியில் அந்த வீடு இருக்கும் தெருவுக்கு ஒரு காலையில் போனேன். வீடு இப்போது விருந்தினர் விடுதி. திண்ணையில் மண்பானையும் செடியும் வைத்திருக்கிறார்கள். கதவு இருந்தது! பர்மா தேக்கு. வாசக்காலின் மேல்சட்டத்தில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை, கீழே தாமரைக் கொடி. எண்ணெய் போட்டு மினுமினுவென்று வைத்திருந்தார்கள். அதுவரையில் சந்தோஷம்தான்.

உள்ளேயிருந்து வந்த இளைஞர், நான் கதவையே பார்ப்பதைக் கண்டு, "இருநூறு வருஷத்துக் கதவு சார், ஆன்டிக். வர்ற ஃபாரினர்ஸ் எல்லாம் போட்டோ எடுக்காம போகமாட்டாங்க" என்றார்.

"தம்பி, இது 1961" என்றேன்.

அவர் சிரித்தார். கிழவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கலாம். இடது பக்கத்து யானையைக் காட்டினேன். வலது யானையின் தும்பிக்கை மேலே தூக்கி நீர் வார்க்கிறது. இடது யானையின் தும்பிக்கை இரண்டு விரற்கடை தாழ்ந்து, உட்பக்கமாக வளைந்திருக்கும். "அங்கே மரத்துல கணு இருக்கு பாருங்க. உளி அதுல இறங்கலை. சட்டத்தையே மாத்தணும்னு வீட்டுக்காரர் சொன்னார். அப்பா ரெண்டு நாள் யோசிச்சு, தும்பிக்கையை வளைச்சு, கணுவைச் சுத்திக் கொண்டுபோயிட்டார். ராத்திரியில அரிக்கேன் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நான்."

அந்த இளைஞர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அதன்மேல் ஏறிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். கணு கையில் தட்டுப்பட்டது. இறங்கி வந்து, "சார், உள்ளே வந்து காபி சாப்பிடுங்க" என்றார்.

காபி வந்தது. முதலாளி அம்மாவிடம் தொலைபேசியில் பேசினார். இருநூறு வருடம் அறுபத்து சொச்சமாகக் குறைந்ததில் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் "எழுதிக் கொடுங்க, வாசல் பக்கத்துல வைக்கிறோம்" என்று அந்த அம்மா சொன்னார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் குறிப்பு எழுதியிருப்பேன்! இந்த நான்கு வரிக்கு மூன்று நாள் ஆயிற்று. முதலில் தமிழில், கீழே பிரெஞ்சில். கதவு செய்த வருடம், மரம், செய்தவர் பெயர். பெயருக்குப் பக்கத்தில் தமிழில் 'தச்சு ஆசாரி', பிரெஞ்சில் 'மெனுயிஸியே'. யானையின் தும்பிக்கைக் கதையை ஒரே வரியில் சேர்த்தேன். அடியில் என் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டேன், 'மகன்' என்று.

பெரிய அட்டை ஒன்றும் இல்லை, அஞ்சலட்டை அளவுதான். சட்டம் போட்டுச் சாவி மாட்டும் பலகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பேரனுக்குப் படம் அனுப்பினேன். யானையைத்தான் பெரிதாக்கிப் பார்த்தானாம். "கணு நல்லா தெரியுது தாத்தா" என்று பதில் வந்தது.

அந்தப் பழைய படிவம் எந்தப் பரணில் இருக்கிறதோ, கரையான் தின்றுவிட்டதோ தெரியாது. இருந்தால் அதில் இன்னும் 'கொமெர்சான்' என்றுதான் இருக்கும், அடியில் அப்பாவின் கையெழுத்தோடு. அதைத் திருத்த முடியாது. அரசாங்கத்தில் வேலை பார்த்தவனுக்கு இது தெரியும்: பழைய பதிவை அழிக்கக்கூடாது, பக்கத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்து போடவேண்டும். அதைத்தான் செய்திருக்கிறேன்.

அப்பாவின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அது இருக்கவேண்டிய இடம் அந்தக் கதவுப் பக்கம். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கதவோ, ஊஞ்சல் பலகையோ, அம்மிக்கல்லோ இருக்கும். செய்தவர் பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். எழுதினால் கீழே உங்கள் பெயரையும் போடுங்கள்.